மூன்று ஹென்றிகள்: அசல், இத்தாலி, அமெரிக்கா

அமெரிக்காவில் ஒருவருக்கு 1860 மாடல் ஹென்றி ரைஃபிள் (லீவரை அசைத்து அடுத்தடுத்துச் சுடும் பழைய அமெரிக்கத் துப்பாக்கி) மேல் ஆசை வந்துவிட்டால் அவருக்கு மூன்று வழிகள் உண்டு. அசலையே தேடிப் பிடிக்கலாம். இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் பிரதியை வாங்கலாம். இல்லையென்றால் ஹென்றி ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிரதி இருக்கிறது. எது உசத்தி என்று வாதாடுபவர்கள் பெரும்பாலும் பளபளப்பையும் பெயரையும் வைத்துத்தான் பேசுகிறார்கள். தோட்டாவிலிருந்து ஆரம்பித்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

அசல் துப்பாக்கி சுட்டது .44 ஹென்றி ரிம்ஃபயர் தோட்டாவை. அதில் வெடிக்கும் ரசாயனம் அடிப்பகுதியின் நடுவில் இருக்காது, விளிம்பைச் சுற்றி இருக்கும். அதனால் தோட்டாவுக்குப் பின்னால் அடைத்து நிற்கும் போல்ட்டின் முனையில் இரண்டு கூர்கள், விளிம்பை இரண்டு இடத்தில் ஒரே சமயத்தில் தட்டும். ஒரு பக்கம் ரசாயனம் சரியாகப் பரவாமல் இருந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். இந்தத் தோட்டாவின் உற்பத்தி 1930-களிலேயே நின்றுபோனது. எனவே அசலை வாங்குபவர் சுடுவதற்காக வாங்குவதில்லை. நியூ ஹேவனில் 1866 வரை செய்யப்பட்டவை மொத்தம் சுமார் 14,000 தான். விலை பல பத்தாயிரம் டாலர். அலமாரிக்கும் ஏல அரங்குக்கும் உரிய பொருள்.

பிரதி செய்கிறவர்கள் இன்று கடையில் கிடைக்கும் தோட்டாவுக்கு மாற வேண்டியிருந்தது. பழைய .44 ஹென்றி சுமார் 1.345 அங்குல நீளம். .44-40 தோட்டா 1.592 அங்குலம், .45 கோல்ட் 1.6 அங்குலம். கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் இந்த வகைத் துப்பாக்கியில் தோட்டாவை மேலே தூக்கும் பித்தளைக் கட்டை தோட்டாவின் நீளத்துக்கு ஏற்ப அளந்து செய்யப்பட்டது. தோட்டா நீண்டால் கட்டையும் நீள வேண்டும், அதைத் தாங்கும் உடலும் நீள வேண்டும். அதனால் உபெர்ட்டியின் உடல் அசலைவிட நீளம். குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயில் அசலில் 15, 16 தோட்டா நின்றது, பிரதிகளில் 13. வீட்டில் கையால் மருந்து நிரப்பித் தயாரித்த தோட்டா அளவுக்கு மீறி நீளமாகவோ குட்டையாகவோ இருந்தால், அடுத்த தோட்டா பாதி நுழைந்து நின்று லீவர் அசையாமல் மாட்டிக்கொள்ளும். அதை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும்.

இரண்டு பிரதிகளும் .44-40, .45 கோல்ட் என்ற இரண்டிலும் கிடைக்கின்றன. இங்கே என் கட்சி .44-40 தான். மருந்தையும் குண்டையும் தாங்கும் அதன் உலோக உறையின் கழுத்து மெல்லியது. சுடும்போது விரிந்து, தோட்டா உட்காரும் அறையை அடைத்துவிடும், கருமருந்தின் கரி பின்னால் வராது. .45 கோல்ட் உறை தடித்த நேர்ச்சுவர். குறைந்த அழுத்தத்தில் சரியாக அடைக்காது, கரி உள்ளே புகுந்து இயக்கத்தை இறுக்கிவிடும். சரித்திரமும் இதே பக்கம்: அந்தக் காலத்தில் எந்த ரைஃபிளும் .45 கோல்ட்டில் வரவில்லை, அப்போதைய உறையின் விளிம்பு இழுத்து வெளியே எடுக்கும் அளவுக்கு அகலம் இல்லை. ஆனால் கடைத் தோட்டாவை மட்டும் நம்பி இருப்பவருக்கு .45 கோல்ட் சுலபமாகக் கிடைக்கும். .44-40-ஐ வீட்டில் நிரப்புபவர்கள் அந்த மெல்லிய கழுத்து நசுங்குவதைத் திட்டிக்கொண்டே நிரப்புவார்கள். குண்டின் விட்டத்தையும் பார்க்க வேண்டும்: பழைய .44-40 அளவு .427 அங்குலம், இன்றைய குழல்கள் பெரும்பாலும் .429.

ஹென்றிக்கே உரிய ஒரு தொல்லையை எந்தப் பிரதியும் தீர்க்கவில்லை, தீர்த்தால் அது ஹென்றியும் இல்லை. குழலுக்குக் கீழே மரம் கிடையாது, நாலைந்து முறை சுட்டாலே கை சுடும். போதாததற்கு, தோட்டாவைத் தள்ளும் பித்தளைக் காது ஒவ்வொரு சுடலுக்கும் பின்னோக்கி நகர்ந்து இடது கையில் வந்து முட்டும். கையைத் தூக்கி அதைப் போகவிட்டு மறுபடி பிடிப்பதைச் சுடுபவர்கள் ‘ஹென்றி ஹாப்’ என்பார்கள். குழாயில் தோட்டா நிரப்பும்போது அந்தக் காதை விட்டுவிடக் கூடாது. வில்லின் வேகத்தில் அது தோட்டா வரிசை மேல் மோதினால் உள்ளேயே வெடிக்கும் அபாயம் உண்டு.

செய்முறையில் அமெரிக்கப் பிரதிக்கு ஒரு படி மேலே மதிப்பெண் கொடுப்பேன். வால்நட் கட்டையும் பித்தளை உடலும் சேரும் இடத்தில் நகம் நுழையாது. விலையும் அப்படியே ஏறும். பெயரை வைத்து ஏமாற வேண்டாம்: இந்தக் கம்பெனி 1996-ல் புரூக்ளினில் தொடங்கியது, 1860-ல் காப்புரிமை பெற்ற பெஞ்சமின் டைலர் ஹென்றிக்கும் இதற்கும் வாரிசுத் தொடர்பு இல்லை. உபெர்ட்டி 1959 முதல் கார்தோனே வால் ட்ரோம்பியாவில் பிரதி செய்துவருகிறது, இன்று பெரெட்டா என்ற துப்பாக்கிக் குழுமத்தின் கையில். சிமரான், டெய்லர்ஸ் என்று இறக்குமதியாளர் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது உபெர்ட்டிதான். பழசாக வாங்கினால் சின்னக் கட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எழுத்தைப் பாருங்கள், அது இத்தாலியச் சோதனைச்சாலை இட்ட ஆண்டுக் குறி. ‘ஏஏ’ என்றால் 1975. உதிரிப் பாகத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

சட்டத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். 1968-ன் கூட்டாட்சித் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898-லோ அதற்கு முன்போ செய்தது பழம்பொருள். அசல் ஹென்றி அதில் வந்துவிடும், கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் பெற்ற வியாபாரி இல்லாமலே கைமாறலாம். மாநிலச் சட்டம் வேறு சொல்லலாம். பிரதி பார்க்க அதே மாதிரி இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் அது கடையில் கிடைக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவை, அதாவது அடிப்பகுதியின் நடுவில் தட்டி வெடிக்கும் தோட்டாவைச் சுடுகிறது. வியாபாரியிடம் வாங்குபவர் நிரப்பும் 4473 என்ற கூட்டாட்சிப் படிவம், பின்னணிச் சோதனை எல்லாம் உண்டு. கலிஃபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல் போகும் மேகசினுக்கு (தோட்டாக்களை வைக்கும் பகுதி) தடை இருந்தும் இந்த 13 பிரச்சினை ஆகாது, லீவர் துப்பாக்கியின் குழாய் மேகசினை அந்த வரையறை விட்டுவிடுகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துக் காட்டும் குழுக்களில் சிலர் இத்தாலியக் குறிகளை அரத்தால் ராவிவிட்டு அசல் தோற்றம் கொண்டுவருவார்கள். அந்த அரம் வரிசை எண்ணைத் தொட்டால் கூட்டாட்சிக் குற்றம். அப்படி ராவிய ஒன்றை யாராவது அசல் விலைக்கு நீட்டினால் போல்ட்டைத் திறந்து பாருங்கள். இரண்டு கூர்களுக்குப் பதில் நடுவில் ஒற்றை ஊசி இருந்தால் பணத்தை வெளியே எடுக்க வேண்டாம்.