நான்கு அடியிலும் கார்டா, இடம் விட்ட கார்டா? ஜாஸ் குழுவில் சேரும் புதிய கிட்டார் கலைஞருக்கு

ஜாஸ் கிட்டார் கற்கத் தொடங்குபவர்கள் வீட்டில் பெரும்பாலும் சோலோக்களையே பழகுகிறார்கள். ஆனால் குழுவில் உட்கார்ந்த முதல் நாளே, நேரத்தின் பெரும்பகுதி மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாக இருப்பதிலேயே கழிகிறது என்பது புரிந்துவிடுகிறது. ஜாஸில் இதைக் ‘கம்பிங்’ என்பார்கள். பாரின், அதாவது ஒரு தாளச் சுற்றின், நான்கு அடிகளிலும் ஒவ்வொரு கார்டாக (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டாக) சீராக வாசித்துச் செல்வது ஒரு வழி. சில இடங்களில் மட்டும் கார்டை வைத்து, மற்ற இடங்களைக் காலியாக விடுவது இன்னொரு வழி. குழுவில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் வழிக்கு இலக்கணமாக நிற்பவர் கிட்டார் கலைஞர் ஃப்ரெடி கிரீன். 1937-இல் பியானோ கலைஞர் கவுண்ட் பேஸியின் பெரிய இசைக்குழுவில் சேர்ந்த அவர், 1987-இல் மறையும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்குழுவின் தாளத்தைத் தாங்கினார். சோலோ வாசித்தது மிக அரிது. மின்னொலி இல்லாத, மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டாரில் கம்பிகளை உயரமாக ஏற்றி வைத்துக்கொண்டு, டிரம்பெட்டுகளும் டிராம்போன்களும் முழங்கும் இடத்தில் அவர் வாசித்தார். பதிவுகளைக் கூர்ந்து கேட்டால், பல இடங்களில் தெளிவாக ஒலிப்பது நடுக்கம்பிகளில் ஒரு சுரமோ இரண்டு சுரமோதான் என்பதும், மற்ற கம்பிகள் விரலால் அமுக்கப்பட்டு வெறும் தட்டோசையாக நிற்கின்றன என்பதும் தெரியவரும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஆறு கம்பிகளையும் வாரி அடித்து, ஆம்ப்ளிஃபையரையும் கூட்டி வைத்தால், பேஸ் கலைஞரின் சுரங்கள் கேட்காமல் போகும். டிரம்ஸில் தாளத்தைத் தாங்கும் உலோகத் தட்டான ரைடு சிம்பலுடன் மோதல்தான் மிஞ்சும். வலது கை இலேசாக விழ வேண்டும். அடுத்த அடி வருவதற்குள் இடது கை பிடியைத் தளர்த்தி ஒலியை அடக்க வேண்டும். பெரிய இசைக்குழுவிலும், ஆஸ்கர் பீட்டர்சன் (பியானோ), ஹெர்ப் எல்லிஸ் (கிட்டார்), ரே பிரவுன் (பேஸ்) மூவரும் வாசித்ததுபோல டிரம்ஸே இல்லாத குழுவிலும் இந்த முறைக்கு ஈடில்லை. பீபாப் என்ற ஜாஸ் பாணியின் வேகம் மிகுந்த பாட்டுகளில் மட்டும் இது கையையும் தளர்த்திவிடும், டிரம்ஸ் கலைஞரையும் கட்டிப்போட்டுவிடும்.

இரண்டாம் வழியின் எளிய வடிவம் சார்ல்ஸ்டன் தாளம்: முதல் அடியில் ஒரு கார்டு, மூன்றாம் அடி விழுவதற்குச் சற்று முன்பாக இன்னொரு கார்டு, பிறகு மௌனம். இந்த வழியின் உச்சத்தைக் கேட்க விரும்புபவர்கள், சாக்ஸஃபோன் கலைஞர் சானி ராலின்ஸின் ‘தி பிரிட்ஜ்’ என்ற 1962-ஆம் ஆண்டு இசைத்தட்டில் கிட்டார் கலைஞர் ஜிம் ஹால் வாசிப்பதைக் கேட்கலாம். பியானோ இல்லாத அந்தக் குழுவில் சுரக்கூட்டின் பொறுப்பு முழுவதும் அவருடையதாக இருந்தும், சாக்ஸஃபோன் பேசி முடிக்கும் இடத்திற்காகக் காத்திருக்கிறார். கேட்கும்போது மிக எளிதாகத் தோன்றும் இந்த முறைதான், என் கணிப்பில், புதியவருக்கு மிகக் கடினமானது. ஏனெனில் இடைவெளி விடும்போது பாட்டின் அமைப்பை மனத்தில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், அதே நேரம் சோலோ வாசிப்பவர் எங்கே மூச்சு விடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

பியானோ இருக்கும் குழுவில் சிக்கல் வேறு. பியானோ கலைஞர் ஜி7 கார்டின் மேல் இயல்பான ஒன்பதாம் சுரத்தை (ஏ) வைக்கும் அதே நொடியில் கிட்டார் தாழ்த்திய ஒன்பதாம் சுரத்தை (ஏ ஃப்ளாட்) வைத்தால், இருவர் மேலும் பிழையில்லாவிட்டாலும் காதுக்கு அது பிழையே. அங்கே மூன்றாவது வழியாகிய மௌனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: ஒரு கோரஸுக்கு, அதாவது பாட்டின் அமைப்பு ஒருமுறை முழுதாகச் சுற்றி வரும்வரை, பியானோ, அடுத்ததற்குக் கிட்டார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. மௌனம் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். பியானோ கலைஞர் பில் எவான்ஸுடன் இருவராக மட்டும் 1962-இல் பதிவு செய்த ‘அண்டர்கரண்ட்’ இசைத்தட்டில், ‘மை ஃபன்னி வேலன்டைன்’ பாட்டில் பியானோ சோலோவுக்குப் பின்னால் அதே ஜிம் ஹால் நான்கு அடியையும் சீராக வாசித்து, இல்லாத பேஸுக்கும் டிரம்ஸுக்கும் ஈடு கொடுக்கிறார்.

எந்த வழியானாலும் குறைந்த சுரங்களே போதும். டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7 என்ற தொடரில், நான்காம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் (விரல் பலகையின் மூன்றாம் கட்டத்தில்) எஃப், மூன்றாம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் சி என்று தொடங்கினால், ஜி7-க்கு எஃப் அப்படியே நிற்க, சி ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஆகிறது. சி மேஜர் 7-க்கு பி நிற்க, எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகிறது. மூல சுரத்தைப் பேஸ் கலைஞர் பார்த்துக்கொள்வார்.

ஆகவே பியானோ இல்லாத நான்கு பேர் குழுவில் முதன்முதலாகச் சேருபவர், மிதமான வேகப் பாட்டுகளில் இந்த இரண்டு சுரங்களை வைத்து நான்கு அடியையும் மெதுவாக வாசிக்கத் தொடங்கட்டும். தாளம் உடலில் ஊறிய பிறகு ஒவ்வொரு அடியாகக் கழித்துக்கொண்டு சார்ல்ஸ்டனுக்கு வரட்டும். பேஸ் கலைஞரின் சோலோவில் மட்டும் இந்த இரண்டும் பொருந்துவதில்லை. அங்கே ஒலியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு பாருக்கு ஒருமுறை முதல் அடியில் ஒரு கார்டை மட்டும் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.