சதர்ன் லிட்டரரி மெசஞ்சர்: இணையப் பிரதியும் ஜாக்சனின் பட்டியலும்

1834 ஆகஸ்டில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் தாமஸ் ஒயிட் தொடங்கிய இலக்கிய இதழ் சதர்ன் லிட்டரரி மெசஞ்சர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 'மேக்கிங் ஆஃப் அமெரிக்கா' இணையத் தொகுப்பில் அதன் பழைய பக்கங்களைப் படமாகவே இலவசமாகப் படிக்கலாம். ஆய்வாளருக்குப் பெரும் கொடை! ஆனால் தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள்: கணினி படித்தெடுத்த உரை திருத்தப்படாதது, பொடி எழுத்தில் பெயர்கள் சிதைந்துபோகும். ஆண்டை வைத்துத் தொகுதியைத் தேடினாலும் தவறும். தொகுதிகள் ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை: இரண்டாம் தொகுதி தொடங்குவது 1835 டிசம்பரில்.

பெரிய சிக்கல், எழுதியவர் பெயரின்றி வந்த படைப்புகள். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் மதிப்புரைகள் பலவும் அப்படித்தான் வந்தன. அதற்கு டேவிட் கே. ஜாக்சன் 1936-இல் தொகுத்த பங்களிப்பாளர் பட்டியலே துணை. முதலில் அதில் தொகுதியையும் தலைப்பையும் குறித்துக்கொண்டு, பிறகு பக்கப் படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.