கம்ப்ரஸர் சர்வீஸ் என்று 64,000 ரூபாய் போச்சு, யாரும் மாட்டிக்காதீங்க

வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கேரளப் பக்கம் சின்னதாக ஒரு தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். பாக்கெட் போடும் மெஷின்களுக்குக் காற்று கொடுப்பது ஒரு 15 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரஸர். அதில்தான் 64,000 ரூபாய் ஏமாந்தேன். முழு விவரம் தெரிந்து இரண்டு நாள்தான் ஆகிறது, வார்த்தை முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படி மாட்டாமல் இருப்பது என்று கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

ஏப்ரலில் தினமும் மதியம் ஒரு மணி வாக்கில் டெம்பரேச்சர் ஏறி 110 டிகிரியில் ட்ரிப் ஆகும், அதாவது தானாகவே நின்றுவிடும். ஆறவிட்டால் ஓடும், அரை மணியில் மறுபடி ட்ரிப். காலையில் ஒரு தொந்தரவும் கிடையாது. பாலக்காட்டு வெயில் தெரியும்தானே. பேரிங் போயிருந்தால் அது என்ன மணி பார்த்தா கெடும்? இந்தச் சின்னக் கேள்வி அன்றைக்கு என் மண்டையில் உதிக்கவில்லை.

தொழிற்சாலைச் சாமான் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கிற ஒரு இணையதளத்தில் நம்பரைப் போட்டேன். பத்து நிமிடத்தில் போன். மறுநாள் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான். மலையாளத்தில் தடுமாறிப் பேசியே பழகிய எனக்கு, வாய் நிறைய "அண்ணா" என்று ஒருத்தன் கூப்பிட்டதும் பாதி மனசு இளகிவிட்டது. டீ குடித்தான், அம்மா ஊர் பொள்ளாச்சி என்றான். ஸ்க்ரூ டிரைவர் முனையை, காற்றை அழுத்துகிற பாகமான ஏர் எண்ட் மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். "பேரிங் கரகரங்குதுண்ணா, நீங்களே கேளுங்க" என்று என்னிடமே நீட்டினான். நானும் கேட்டேன். கரகரவென்றுதான் இருந்தது. ஓடுகிற எந்த மெஷினில் வைத்தாலும் எனக்கு அப்படித்தான் கேட்கும் என்பது வேறு விஷயம், அன்றைக்குத் தலையை ஆட்டினேன்.

ஏர் எண்டைக் கழற்றிக் கொண்டுபோய் பேரிங், சீல் மாற்றித் தர 64,000. "பில் இல்லாமப் போட்டா 18 பர்சன்ட் மிச்சம்ண்ணா" என்றான். சரி என்றேன். 40,000 ஜிபே, மீதி 24,000 ரொக்கம்.

பதினோரு நாள் கழித்துப் பளபளவென்று நீலப் பெயிண்டோடு வந்து மாட்டினான். மூன்றாம் நாள் மதியம் அதே ட்ரிப். போதாக்குறைக்கு மோட்டாரும் ஏர் எண்டும் இணைகிற கப்ளிங் பக்கம் எண்ணெய் சொட்ட ஆரம்பித்தது, முன்னே அதுவும் கிடையாது. போன் போட்டால் முதலில் "நாளைக்கு வர்றேண்ணா". அப்புறம் "டெக்னீஷியன் ஈரோடு போயிருக்காரு". அப்புறம் "நீங்க தப்பான ஆயில் ஊத்திட்டீங்க". அந்த ஆயிலை ஊற்றினதே அவன்! அதோடு "அண்ணா" போய் "சார்" ஆகிவிட்டது, பிறகு போனே எடுப்பதில்லை. இணையதளத்தில் கேட்டால் நாங்கள் நம்பர் கொடுப்பதோடு சரி என்கிறார்கள். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் ஆள் தமிழ்நாட்டில்தானே, அங்கே கொடுங்கள் என்றார்கள். அங்கே போனால் வேலை நடந்த இடம் கேரளா என்கிறார்கள். 64,000 ரூபாய் செக்போஸ்டில் நிற்கிறது.

கடைசியில் கஞ்சிக்கோட்டில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிற ஒரு சேட்டனைக் கூட்டிவந்தேன். அவர் எதையும் கழற்றவில்லை, பக்கத்துத் தகட்டைத் திறந்து கூலரில் டார்ச் அடித்தார். கொப்பரைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக் கிடந்தது. காற்றே போகாத கூலர் எப்படி எண்ணெயை ஆற்றும்? மருந்து தெளித்து, கழுவி, உள்ளிருந்து வெளியே காற்றடித்தார். 1,800 ரூபாய். அன்று மதியம் இரண்டு மணிக்கு 92 டிகிரியில் ஓடியது. போகும்போது ஏர் எண்டை உற்றுப் பார்த்துவிட்டு, "இது நிங்ஙளுடேது அல்லல்லோ" என்றார். சீரியல் நம்பர் இருந்த இடத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறான். மெஷின் வாங்கிய அன்று எடுத்த போட்டோ போனில் இருக்கிறது, அதில் என் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. நல்லா இருந்த என்னுடையதைக் கொண்டுபோய், யாரோ கழித்துப்போட்டதை என் தலையில் கட்ட நான் 64,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பில்லும் இல்லை. 11,520 ரூபாய் மிச்சம் பிடித்த லட்சணம்.

சரி, பார்க்க வேண்டியவை. சூடு ஏறினால் முதலில் கூலர், ஆயில் அளவு, ஏர் ஃபில்டர், அறையில் காற்றோட்டம். இதைத் தாண்டித்தான் ஏர் எண்ட். எதையாவது கழற்றி வெளியே அனுப்பினால் சீரியல் நம்பரைப் போட்டோ எடுங்கள், கழற்றின பழைய பேரிங்கைத் திருப்பிக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போனால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அடிக்கணும், நான் தாமதமாகத்தான் அடித்தேன். இன்னும் நாலைந்து இருக்கிறது, சீல் மாற்ற சேட்டன் வந்துவிட்டார், இந்தத் தடவை பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.