உமிச் சாம்பலா, சக்கைச் சாம்பலா? வேலூர் வட்டார பிளாக் பட்டறைகளுக்கான ஓர் அலசல்

சாலிடு பிளாக் (துளையில்லாத கான்கிரீட் கல்) கலவையில் சிமெண்டின் ஒரு பகுதியைக் குறைத்து வேளாண் கழிவுச் சாம்பலைச் சேர்க்க நினைப்பவருக்கு, பழைய வட ஆற்காட்டுப் பகுதியில் இரண்டு சாம்பல்கள் அருகிலேயே உள்ளன. ஒன்று ஆரணி, ஆற்காடு அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல். மற்றொன்று அம்முண்டி போன்ற இடங்களிலுள்ள சர்க்கரை ஆலைகளின் கரும்புச் சக்கைச் சாம்பல். வேர்க்கடலைத் தோலும் இங்கு ஏராளம் என்றாலும், அதன் சாம்பல் அளவில் சொற்பம், பொட்டாசியம் மிகுதி என்பதால் அதை விட்டுவிடலாம்.

ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமியும், அந்த உமியை எரித்தால் 40 கிலோ சாம்பலும் கிடைக்கும். நன்கு எரிந்த உமிச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா உண்டு. சக்கைச் சாம்பலில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. ஆனால் சிலிக்கா இருந்தால் மட்டும் போதாது. சுமார் 500 முதல் 700 டிகிரி செல்சியஸில் எரிந்தால்தான் அது படிகமாகாமல், சிமெண்ட் நீரோடு வினைபுரியும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் சேர்ந்து இறுகும். வெப்பம் கூடினால் படிகமாகி, வெறும் நிரப்பியாகவே நிற்கும். நெல் அவிக்கும் கொதிகலனிலிருந்து வரும் கறுத்த சாம்பலோ, எரியாத கரி மிகுந்தது. நுண்துளைகள் நிறைந்த அதன் துகள்கள் நீரை உறிஞ்சிக்கொள்ள, கலவை வறண்டுவிட்டதென்று ஆள் மேலும் தண்ணீர் ஊற்ற, பிளாக்கின் வலிமை அங்கேயே போய்விடுகிறது.

சக்கைச் சாம்பலில் அரைகுறையாக எரிந்த நார்கள் கிடக்கும் என்பதால் சலித்து அரைத்தே தீர வேண்டும். அரவைப் பருவம் முடிந்தால் வரத்தும் நின்றுவிடும். ஒரே கொதிகலனிலிருந்து வருவதால் தரம் ஓரளவு சீராக இருப்பது அதன் பலம். பல ஆலைகளில் வாரிக் கொட்டிய உமிச் சாம்பலுக்கு அந்த உறுதி கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிமுறையான ஐ.எஸ். 456:2000, உமிச் சாம்பலைப் பெயர் குறிப்பிட்டு ஏற்கும்போதும் சீரான தன்மையை வலியுறுத்துகிறது. சக்கைச் சாம்பலை அது குறிப்பிடவேயில்லை.

என் தேர்வு உமிச் சாம்பலே. ஆனால் ஒரே ஆலையிலிருந்து வாங்கி, சாம்பல் நிறமாக எரிந்ததைப் பொறுக்கி, பந்து ஆலையில் (இரும்புக் குண்டுகள் உருண்டு பொடியாக்கும் சுழல் உருளையில்) நைசாக அரைத்து, சிமெண்டில் 10 விழுக்காட்டுக்குப் பதிலாக மட்டும். கடையில் கிடைக்கும் பி.பி.சி. (போசொலானா கலந்த) சிமெண்டில் நிலக்கரிச் சாம்பல் முன்பே கலந்திருப்பதால், ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுடன் சேர்ப்பதே பொருந்தும். இந்த வினை மெதுவானது; வேலூர் வெயிலில் ஒரு வாரத்தில் தண்ணீர் விடுவதை நிறுத்தும் பட்டறைகள், சாம்பல் கலந்த பிளாக்குகளை ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு வாரமாவது நனைத்து, 28 நாள் வலிமையைச் சோதித்த பின்பே விற்க வேண்டும்.