பள்ளி வவுச்சரா, 25 சதவீத இடமா?

அரசுப் பணம் பிள்ளையின் பின்னால் போகட்டும், பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கட்டும். பழமைவாதக் கல்விச் சீர்திருத்தத்தின் மூல வாதம் இதுதான். 1955இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் முன்வைத்த வவுச்சர், அதாவது பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளியில் கட்டணமாகக் கொடுக்கும் அரசுச் சீட்டு, அதன் வடிவம்.

டெல்லியில் நடைமுறையில் இருப்பது அதன் தூரத்துச் சொந்தம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம்; கணினிக் குலுக்கலில் சேர்க்கை. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு, தனியார் பள்ளியின் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதை அரசு பள்ளிக்குக் கொடுக்கும்.

வீடு மாறினால்தான் வித்தியாசம் உறைக்கும். 2025 ஜூனில் டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. பல தமிழ்க் குடும்பங்களுக்கு வெகுதூரத்து நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். குலுக்கலில் கிடைத்த இடம் அந்தப் பள்ளியோடு நின்றுவிடும். வவுச்சர் கூடவே வரும். இந்த ஒரு விஷயத்தில் வவுச்சரே மேல்.

ஆனால் அதன் ஓட்டை பெரிது. 1981இல் வவுச்சர் முறையைத் தொடங்கிய தென் அமெரிக்க நாடான சிலியில் பள்ளிகள் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. பிறகு மேல்கட்டணமும் வாங்கின. ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் தொகை 2008இல்தான் வந்தது, பொறுக்குவதற்குத் தடை 2015இல். குலுக்கல் அந்த வழியை முதலிலேயே அடைக்கிறது. ஆனால் இலவசப் படிப்புக்குச் சட்டம் தரும் உறுதி 8ஆம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணத்தைப் பற்றிச் சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.