இரண்டு நாள் இஸ்தான்புல்: எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

இஸ்தான்புல்லில் இரண்டே நாள் தங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பழைய நகரத்தின் மையமான சுல்தானகமெத் சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் எல்லாவற்றையும் முதல் நாளே முடித்துவிடப் பார்க்கிறார்கள். மூன்றாவது வரிசையில் நிற்கும்போது கால் கடுக்கும். அறைக்குத் திரும்பிப் படங்களைப் புரட்டினால் எந்தக் குவிமாடம் எந்த மசூதியுடையது என்றே தெரியாது. எனக்கும் முதல் முறை அப்படித்தான் ஆனது. ஒரே வகையான இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கு நேரம் கொடுங்கள், மற்றதை வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பேன்.

ஹாகியா சோஃபியாவும் நீல மசூதியும் எதிரெதிரே நிற்கின்றன. நீல மசூதிக்குக் கட்டணம் இல்லை. ஹாகியா சோஃபியாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளிடம் 25 யூரோ வாங்குகிறார்கள். அதற்கும் மேல்மாடத்துக்கு மட்டுமே அனுமதி, கீழ்த்தளம் தொழுகைக்கு உரியது. நான்கு பெரியவர்கள் போனால் 100 யூரோ. போதாக்குறைக்கு, குவிமாடத்தைச் சீரமைக்கும் வேலை 2025-ல் தொடங்கி உள்ளே சாரமும் கட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஹாகியா சோஃபியாவுக்கே போங்கள் என்றுதான் சொல்வேன்.

காரணம் அந்தக் கட்டடத்தின் வயதும் துணிச்சலும். பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் 532-ல் தொடங்கி 537-ல், ஐந்தே ஆண்டில் முடித்தார்கள். சுமார் 31 மீட்டர் அகலக் குவிமாடம், அதன் அடிவிளிம்பைச் சுற்றி 40 ஜன்னல்கள். வெளிச்சம் அந்த வளையம் வழியே நுழையும்போது குவிமாடம் சுவரைத் தொடாமல் மிதப்பதுபோல இருக்கும். 558-ல் அது ஒருமுறை இடிந்து விழுந்தது. இன்னும் உயர்த்திக் கட்டி 562-ல் மீண்டும் திறந்தார்கள். தேவாலயம், 1453-ல் ஒட்டோமான்கள் நகரைப் பிடித்த பின் மசூதி, 1935 முதல் அருங்காட்சியகம், 2020-ல் மறுபடி மசூதி என்று எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது.

மேல்மாடத்தில் மட்டுமே கிடைப்பவையும் உண்டு. தெற்கு மாடத்தில் இயேசு, மரியாள், யோவான் மூவரும் உள்ள மொசைக் ஓவியத்தின் கீழ்ப்பாதி உதிர்ந்து போயிருக்கிறது. எஞ்சியிருக்கும் முகங்களை நெருங்கிப் பாருங்கள். விரல்நகத்தைவிடச் சிறிய கற்துண்டுகளை அடுக்கியே கண்ணுக்குக் கீழ் நிழல் காட்டியிருக்கிறார்கள். அதே பக்கம் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் யாரோ கீறிய கோடுகள் தெரியும். அரண்மனைக் காவலுக்கு வந்த ஒரு வைகிங் வீரன் தன் ஊர் எழுத்தில் வெட்டியது அது. ‘ஹால்ஃப்தான்’ என்ற பெயர் மட்டும் படிக்க முடிகிறது. தேய்ந்த அந்தக் கீறல் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன்.

நீல மசூதி அழகில்லை என்று சொல்ல வரவில்லை. 1609-ல் தொடங்கிய அந்த வேலையின் ஆறு மினாரெட் கோபுரங்களும், உள்ளே இஸ்னிக் ஊரில் செய்த 20,000-க்கு மேற்பட்ட ஓடுகளும் பேர்போனவை. ஆனால் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும். ஒட்டோமான் மசூதி ஒன்றை அமைதியாக உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் சுலைமானியேவுக்கு ஏறுங்கள். 1557-ல் ஒட்டோமான் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினான் கட்டி முடித்தது. பின்னாளில் ஹாகியா சோஃபியாவுக்கு முட்டுச்சுவர் கொடுத்து நிறுத்தியவரும் இதே சினான்தான், அதனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. இங்கும் கட்டணம் இல்லை. தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். பெண்கள் தலையை மூட ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பின்புறத் தோட்டத்திலிருந்து தங்கக் கொம்புக் கழிமுகம் முழுவதும் தெரியும். சுல்தான் சுலைமானின் கல்லறை வளாகத்துக்குள் பெரிதாக இருக்கிறது; சினானுடையது வெளியே, தெருமுனையில், கையகல இடத்தில்.

இந்தக் காட்சி கிடைத்துவிட்டதால் நகரைப் பார்க்க எல்லோரும் ஏறும் கலாட்டா கோபுரத்தில் வரிசை நிற்க வேண்டாம். அந்த நேரத்தை பசிலிக்கா சிஸ்டர்ன் என்ற நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குக் கொடுங்கள். 336 தூண்கள், கோடி மூலையில் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்கும், கிரேக்கப் புராணத்து மெதூசாவின் இரண்டு கல் தலைகள். ஒரு மணி நேரம் போதும்.

அரண்மனைகளில் தோப்காப்பியா, தோல்மாபாஹ்சேவா என்பதில் என் ஓட்டு தோப்காப்பிக்கு. சுமார் நானூறு ஆண்டு அங்கிருந்தே ஒட்டோமான் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. ஒரே பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். முற்றம் கடந்தால் இன்னொரு முற்றம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட அந்தரங்கம். சுல்தான் குடும்பத்துப் பெண்கள் வாழ்ந்த ஹாரெம் பகுதியை விட்டுவிடாதீர்கள். 1856-ல் முடிந்த தோல்மாபாஹ்சேயில் 285 அறைகள், எங்கு திரும்பினாலும் ஐரோப்பிய ஆடம்பரம். பேரரசு வெளிநாட்டில் கடன் வாங்கத் தொடங்கியிருந்த காலத்து மாளிகை அது. துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் 1938 நவம்பர் 10 அன்று காலை 9.05-க்கு உயிர்விட்ட அறை இங்கே இருக்கிறது. அந்தக் குடியரசின் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் என் தேர்வை மாற்றிக்கொள்ளலாம். தோப்காப்பிக்குச் செவ்வாய் விடுமுறை, தோல்மாபாஹ்சேவுக்குத் திங்கள்.

உள்ளே போகாதவர்களுக்கும் தோல்மாபாஹ்சேயின் முகப்பு கிடைக்கும். அது ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் போஸ்பரஸ் நீரிணையைப் பார்த்துக் கட்டியது, நீரிலிருந்து பார்ப்பதே சரி. அதற்குச் சுற்றுலாப் படகு தேவையில்லை. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகும் ஃபெர்ரி போதும். பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் தேய்க்கும் அதே இஸ்தான்புல்கார்ட்டில் ஏறிவிடலாம். பெஷிக்தாஷ் படகுத்துறையில் ஏறினால் சற்று நேரத்தில் ஆசியக் கரையில் உஸ்குதார். மர்மராய் ரயில் இன்னும் வேகம்தான், ஆனால் கடலுக்கு அடியில் போவதால் கண்டம் மாறியதே தெரியாது. ஃபெர்ரியிலோ, சின்னக் கண்ணாடிக் கோப்பையில் தேநீர் கொண்டுவருவார்கள், கடற்காகங்கள் கூடவே பறந்து வரும்.

இரண்டாம் நாள் மாலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். உஸ்குதாரிலிருந்து கரையோரமாகச் சலாஜாக் வரை நடந்து, கடலுக்குள் நிற்கும் கன்னிக் கோபுரத்துக்கு எதிரே கரைப் படிக்கட்டில் உட்காருங்கள். சூரியன் பழைய நகரத்துக்குப் பின்னால் இறங்கும். ஆறு மினாரெட்டுகள் நீல மசூதி. நான்கில் ஒன்று செங்கல் நிறத்தில் இருந்தால் ஹாகியா சோஃபியா. வலப்பக்கம் மேட்டின் மேல் தனியாக நிற்பது சுலைமானியே. திரும்பும் படகு நேரத்தை இறங்கும்போதே துறையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.