ஒரே ஊர், இரண்டு பட்டியல்

இந்த பஸ் டிக்கெட் செயலிக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். பணம் கட்டுவது எளிது. ரத்து செய்த டிக்கெட்டின் தொகையும் நான்கு நாளில் திரும்ப வந்துவிட்டது. குறை முழுவதும் ஊர்ப்பெயரில்தான்.

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து தூத்துக்குடி போக, நாம் சொல்கிறபடியே ஆங்கில எழுத்தில் தட்டினேன். ஏழு பஸ்கள், ஒன்றிலும் இடமில்லை. திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, விடியற்காலையில் மூட்டை முடிச்சுகளோடு வேறு பஸ் ஏறினோம். ஊருக்குப் போன பிறகு மைத்துனர் சிரிக்கிறார்: "டூட்டிகோரின் என்று தேடியிருக்க வேண்டும், அத்தான்." தேடிப் பார்த்தேன். பத்தொன்பது பஸ்கள்! வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் வாயில் நுழைந்த பெயர் மட்டும் போகவில்லை.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. கோயம்புத்தூரின் புதிய எழுத்துகளைப் பார்த்து அன்று நானும் கேலி செய்தவன்தான்.

இத்தனைக்கும் திருச்சி, திருச்சிராப்பள்ளி எதைத் தட்டினாலும் இதே செயலி ஒரே பட்டியலைத் தருகிறது. ஊட்டிக்கும் உதகமண்டலத்துக்கும் அப்படியே. எழும்பூர் என்றால் மட்டும் விழிக்கிறது. எக்மோர் என்றால்தான் அதற்குப் புரியும்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "சரியான எழுத்துக்கூட்டலைப் பயன்படுத்தவும்" என்று பதில் வந்தது. எது சரி என்று கேட்டு மூன்று வாரம் ஆகிறது.